கூத்துக்காணி முதல் நல்கை வரை: காஞ்சி வட்டாரக் கூத்தும் அதை நடத்துவோர் கல்வியும்

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடைபெறுதல் யாவரும் அறிந்ததே. பகலில் பாரதப் பிரசங்கி வில்லிபாரதத்தை விரித்துரைப்பார். இரவில் கூத்து நிகழும். துகிலுரிதல், அருச்சுனன் தபசு, அபிமன்யு வதம் எனப் பல இரவுகள் தொடரும் ஆட்டம் பதினெட்டாம் போரில் முடிந்து, மறுநாட் காலை படுகளத்தில் மண்ணாற் செய்த துரியோதனன் உருவின்முன் நிறைவுறும். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் ஓர் ஆட்டம் பொழுது விடியும் வரை நீளும். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமுமாகிய கட்டைச் சாமான்களின் கனத்தைத் தாங்கி ஆடும் நடிகனைப் பற்றி ஆய்வுகள் பல வந்துள்ளன. அவனை அந்த ஊருக்கு அழைத்துவந்து, அவனுக்கு வேடம் பகிர்ந்து, விடிந்தபின் கூலி பிரித்துக் கொடுத்து, அடுத்த ஊருக்கு வண்டி பிடிக்கும் மனிதரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. ஜமா என்று வழங்கப்பெறும் கூத்துக்குழுவில் அவர்தாம் வாத்தியார்.

வாத்தியார் என்னும் சொல் ஆசிரியரைக் குறிப்பதாயினும், கூத்துலகில் அதன் பொருள் அகன்றது. ஊர்ப் பெரியவர்களிடம் தாம்பூலம் வாங்கி நாள் குறிப்பவர் அவர். ஆட்டக்காரர் வேறு ஜமாவுக்குப் போய்விடாதிருக்க ஆண்டின் தொடக்கத்திலேயே முன்பணம் தருபவர் அவர். மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், முகவீணை ஆகியவற்றுக்கு ஆள் சேர்ப்பதும், இருவர் ஒரு வேடத்துக்குப் பூசலிட்டால் தீர்ப்பதும், மழையால் ஆட்டம் நின்றால் பாதித் தொகைக்கேனும் வாதாடுவதும் அவர் பொறுப்பே. இத்தனையையும் அவர் எங்கே கற்றார், அக்கல்விக்குச் செலவிட்டவர் யார் என்னும் வினாவே இக்கட்டுரைக்குப் பொருள். கலைக்குப் பொருள் கொடுத்தோர் வரலாறு நம்மிடம் நிரம்ப உண்டு. கலையை நடத்துவோர் கல்விக்குப் பொருள் கொடுத்தோர் வரலாறு சிதறிக் கிடக்கிறது.

பழைய சான்றுகளிலிருந்து தொடங்குதல் தகும். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனத்தின் களம் காஞ்சி நகரமே. மன்னனே நாடகம் எழுதிய ஊரில், அந்நாடகத்தை நடித்தவர் யார், அவரைத் திரட்டியவர் யார் என்பதற்குச் சான்றில்லை. சோழர் காலத்தில் நிலைமை மாறுகிறது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இராசராசன் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைக் குடியமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் விளைவுடைய ஒரு பங்கும் அளித்த செய்தி பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. அக்கல்வெட்டின் பிற்பகுதியைப் பலர் படிப்பதில்லை. நட்டுவம் செய்வோர்க்கு இரண்டு பங்கு வீதம் குறிக்கப்பட்டுள்ளது. அப்பெண்டுகளையும் பாடுவோரையும் மேற்பார்ப்போர்க்கும், கணக்கர்க்கும் கூடப் பங்கு உண்டு. ஆடுவோர்க்கு ஒன்று, ஆட்டுவிப்போர்க்கு இரண்டு என்னும் அக்கணக்கு, தலைமையைத் தனி உழைப்பாக மதித்து விலை வைத்த கணக்கு. பங்குடையவர் இறந்தாலோ ஊரை விட்டுச் சென்றாலோ அவரைச் சார்ந்தோர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். அவர் தகுதியற்றவராயின் தகுதியுடைய வேறொருவரை அமர்த்த வேண்டும் என்றும் அக்கல்வெட்டு விதிக்கிறது. குலவுரிமையை ஒப்புக்கொண்டே, அதற்குமேல் தகுதி என்னும் ஒரு தடையை வைத்த விதி அது. தகுதியை வளர்க்கும் செலவு மட்டும் குடும்பத்தின் தலையிலேயே விடப்பட்டது.

இதேபோல் கூத்துக்காணி, நட்டுவக்காணி, சாக்கைக்காணி எனக் கலைஞர்க்கு விடப்பட்ட நிலங்கள் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. காமரசவல்லிக் கோயிலில் சாக்கைக்கூத்து ஆடுதற்கு நிலம் அளிக்கப்பட்டது. இராசராசேச்சுவர நாடகம் நடத்தச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் வழங்கப்பட்டது. இந்நிலத்தின் வருவாய் ஆட்டக்காரனின் உணவு மட்டுமன்று. அவன் தன் மகனுக்கோ மருமகனுக்கோ பத்தாண்டுக் காலம் கற்றுக்கொடுக்கும் ஓய்வையும் அதுவே வாங்கித் தந்தது. பயிற்சிக்கென்று தனியே தலைப்பிட்டு எழுதாவிடினும், காணி என்பது பயிற்சிக்கான முதலுமாக இருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

பொதுப்பொருளைக் கையாள்வோர் தகுதி குறித்துக் காஞ்சி வட்டாரத்துக்கென்றே ஒரு புகழ் உண்டு. உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வர இயலாது. இன்றைய இலக்கிய அமைப்புகள் பலவற்றில் இவ்விதி நடைமுறைக்கு வருமாயின் எத்தனை பொருளாளர் எஞ்சுவர் என்பது வேறு செய்தி.

நிலவுடைமை மாறி, கோயிற் காணிகள் கைமாறிய பின்பும் காஞ்சிச் சுற்றுப்புறக் கூத்தில் ஒரு பழைய ஏற்பாடு நீடித்தது. குறிப்பிட்ட சில ஊர்களில் கூத்தாடும் உரிமை குறிப்பிட்ட குடும்பங்களுக்கு ‘முறை’யாக இருந்தது. ஆடுதல் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும். கூலி பெரும்பாலும் அறுவடைக் காலத்துத் தானியம். சாதிப் படிநிலையில் தாழ்த்தி வைக்கப்பட்ட குடும்பங்களே இம்முறையைச் சுமந்தன. ஆகவே அதனை ஒரு பொற்காலம் போலப் பாடுதல் கவிஞர்க்கு எளிது, வரலாற்றுக்கு அறமன்று. ஊர் மறுத்தால் கேட்க வழியில்லாத ஏற்பாடு அது. இருபதாம் நூற்றாண்டில் முறை தளர்ந்து, பணத்துக்கு ஒப்பந்தம் பேசும் குழுக்கள் பெருகியபோது வாத்தியாரின் வேலை இரட்டிப்பாயிற்று. முன்பு ஊர் அவரைத் தேடி வந்தது. பின்பு அவர் ஊரைத் தேட வேண்டியிருந்தது.

நகரத்து மேடையில் இதே காலத்தில் வேறொரு பள்ளி உருவாயிற்று. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை, படித்த, வேறு வருவாயுடைய அன்பர்களின் அமைப்பு. சந்தாவால் நடந்த அச்சபையில் நிர்வாகம் செய்வோர் ஏற்கெனவே வழக்கறிஞர்களாகவும் அலுவலர்களாகவும் இருந்தமையால், அவர்களுக்கு யாரும் கணக்கெழுதக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை 1918-இல் மதுரையில் எழுந்தது. அங்கே சிறுவர்கள் உண்டு உறைந்து பாட்டும் வசனமும் கற்றனர். அச்சபையில் பயின்ற டி. கே. எஸ். சகோதரர்கள் 1925-இல் சொந்தக் குழு தொடங்கி, 1950 வரை ஊர் ஊராக நடத்தினர். சிறுவர் கம்பெனிகளின் கொடுமையைப் பற்றிப் பேசுவோர் உண்டு, பேசத்தான் வேண்டும். ஆயினும் ஒரு சிறுவன் வேடம் கற்கும்போதே கொட்டகை வாடகை, வசூல், படுதா, பயணம் அனைத்தையும் கண்ணாற் கண்டு வளர்ந்த இடம் அதுவே. அக்கல்விக்கான கட்டணத்தை அவன் தன் இளமையாற் செலுத்தினான்.

காஞ்சியில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒருவர் காஞ்சிபுரம் நாயினா பிள்ளை (1889–1934). தனகோடி அம்மாளின் இசைக் குடும்பத்தில் தோன்றிய அவர் லயப் புலமையாற் பெயர் பெற்றவர். ஆண்டுதோறும் தியாகராசர் உற்சவத்தைக் காஞ்சியில் நடத்தி, பெரிய வித்துவான்களை அழைத்துவந்தவரும் அவரே. பாடுபவரே பந்தற்காரரிடம் பேசியதும் விருந்தினர்க்கு இலை போட்டதும் அங்கே ஒன்றாயின. அறிஞர் அண்ணா, ‘திராவிட நாடு’ ஏட்டினை 1942-இல் தொடங்கிய அதே காஞ்சியில், நாடகத்தை இயக்கத்தின் கருவியாக்கினார். எழுதியவரே நடித்தார். இவர்களில் எவரும் கலை நிர்வாகம் என்று ஒன்றைத் தனியே கற்றவர் அல்லர். பேராளுமைகளுக்கு அது வாய்த்தது. பேராளுமை இல்லாத ஒரு ஜமா எவ்வாறு நிலைக்கும் என்பதே கடினமான வினா.

விடுதலைக்குப் பின் பொருளுதவியின் உருவம் மாறிற்று. 1953-இல் சங்கீத நாடக அகாதெமி தில்லியில் தொடங்கப்பெற்றது. சென்னையில் 1955-இல் எழுந்த சங்கீத நாடக சங்கமே பின்னர் இயல் இசை நாடக மன்றமாயிற்று. விருது, விழா, நலிந்த கலைஞர்க்கு உதவி என்பன இவற்றின் வழக்கமான கொடைகள். அகாதெமி 1984-இல் இளம் அரங்கப் பணியாளர்க்கான உதவித் திட்டத்தைத் தொடங்கியபோது, நாட்டார் கலை வடிவங்களைக் கையாளும் இயக்குநர்கள் ஊக்கம் பெற்றனர். கூத்தின் அடவும் பாட்டும் நகர மேடைக்கு வந்தன. கூத்தின் வாத்தியார் மட்டும் ஊரிலேயே இருந்தார். மைய அரசின் குரு–சிஷ்யத் திட்டத்தில் குருவுக்கும் சீடருக்கும் மாதத் தொகை உண்டு. குழுவின் கணக்கை எழுதுவோர்க்குத் தனி இடம் இல்லை. சோழர் கல்வெட்டில் பங்கு பெற்ற கணக்கரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தமிழக அரசு 2007-இல் அமைத்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் பெயருக்கேற்ப நலவுதவியை நோக்கியது. நலம் வேண்டாம் என்பார் இலர். ஆனால் முதுமையில் உதவி பெறுவதற்கும், முப்பது வயதில் ஒரு குழுவை நடத்தக் கற்பதற்கும் இடையே நெடுந்தூரம் உண்டு.

வெளியுலகில் இச்சிக்கல் வேறு வகையில் உணரப்பட்டது. அமெரிக்காவில் ஃபோர்டு அறக்கட்டளை 1960-களின் தொடக்கத்தில், அரங்குகளிலும் இசைக்குழுக்களிலும் இளைஞர்களை நிர்வாகப் பயிலாளர்களாக அமர்த்தி, அவர்கள் ஊதியத்தைத் தானே ஏற்றது. கலையை நடத்துவோன் கற்கும் காலத்திலும் உண்ண வேண்டும் என்பதை ஒரு வள்ளன்மை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது. 1966-இல் பாமோல், போவன் என்னும் பொருளியலறிஞர் இருவர் நிகழ்கலைகளின் பொருளாதாரம் குறித்து எழுதிய நூல், பிற தொழில்களில் உழைப்பின் விளைவு பெருகப் பெருக, கச்சேரியின் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும் என்று காட்டியது. நால்வர் வாசிக்க வேண்டிய இசையை இருவர் வாசிக்க இயலாது. காஞ்சி நெசவாளர்க்கு இதனை விளக்க நூல் வேண்டா. விசைத்தறிக்கும் கைத்தறிக்கும் இடையே அவர்கள் வாழ்ந்து கண்ட உண்மை அது. பிரிட்டனில் 2000-களின் தொடக்கத்தில் குளோர் டஃபீல்டு அறக்கட்டளை பண்பாட்டுத் தலைமைக்கென்றே நிதியுதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நடிப்புக்கு நல்கை என்பதுபோல் தலைமைக்கும் நல்கை என்னும் கருத்து அங்கே நிலைபெற்றுவிட்டது.

அந்தக் கருத்தின் ஒரு கிளை தமிழகத்துக்கும் வந்தது. ஃபோர்டு அறக்கட்டளை 1980-களின் இறுதியில் நா. முத்துசாமியின் கூத்துப்பட்டறைக்கு உதவியது. 1977-இல் தோன்றிய அப்பட்டறை முழுநேர நடிகர்களை வைத்துக்கொள்ள அதனால் இயன்றது. பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் மையத்தின் வளர்ச்சியிலும், 1997-இல் சென்னையில் தொடங்கிய தேசிய நாட்டுப்புறவியல் உதவி மையத்திலும் அவ்வறக்கட்டளைக்குப் பங்குண்டு. அயல்நாட்டுப் பணம் என்று அன்று எழுந்த ஐயங்கள் சிற்றிதழ்ப் பக்கங்களில் சூடாக விவாதிக்கப்பட்டன. அவ்விவாதத்தில் ஒரு செய்தி கவனம் பெறவில்லை. நல்கை பெற்ற குழுவினர் திட்டம் எழுதவும், வரவு செலவு காட்டவும், ஆண்டறிக்கை தரவும் கற்றுக்கொள்ள நேர்ந்தது. நல்கையாளர் கற்பிக்க எண்ணியது கலையாக இருக்கலாம். குழுத்தலைவர் வேறு வழியின்றிக் கற்றது நிர்வாகம்.

காஞ்சிக்கு அருகிலுள்ள பெருங்கட்டூரில் பிறந்த பி. ராஜகோபாலின் வரலாறு இங்கே இடம்பெறுகிறது. கூத்தாடிக் குடும்பத்தில் தோன்றி, பத்து வயதளவிலேயே பள்ளியை விட்டு மேடையேறியவர் அவர். தந்தை பொன்னுசாமியின் பெயரால் அமைந்த நாடக மன்றத்தை நடத்தியவர். நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் ஹன்னா டி புருயின் கட்டைக்கூத்தை ஆய்ந்து 1994-இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வு பின்னர் நூலாகவும் வந்தது. தெருக்கூத்து என்னும் பொதுப்பெயரை விடுத்துக் கட்டைக்கூத்து என்னும் பெயரை இருவரும் வற்புறுத்தினர். பெயர் குறித்த அவ்வழக்கில் புரிசை போன்ற பிற மரபினர்க்கு உடன்பாடில்லை. அவ்வழக்கைத் தீர்ப்பது இங்கே தேவையில்லை. கலைஞரே கூடி 1990-இல் தமிழ்நாடு கட்டைக்கூத்துக் கலை வளர்ச்சி முன்னேற்றச் சங்கத்தை அமைத்தனர் என்பதே இங்கு முதன்மையானது. ஒருவர்க்கொருவர் போட்டியான ஜமாக்களின் வாத்தியார்கள் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து, தீர்மானம் எழுதி, கையொப்பமிட்ட நிகழ்ச்சி அது. பதிவு பெற்ற சங்கத்துக்குத் தலைவர், செயலர், பொருளாளர் வேண்டும், பொதுக்குழு கூட வேண்டும், தணிக்கை வேண்டும். இரவெல்லாம் துரியோதனனாக ஆடிய ஒருவர் பகலில் குறிப்பேட்டில் கையொப்பமிடக் கற்றார். கூத்தில் தலைமை என்பது அதுவரை ஒருவரின் உடலோடு ஒட்டியிருந்தது. அன்றுமுதல் அது ஓரளவு தாளிலும் இருக்கத் தொடங்கியது.

இச்சங்கம் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம், காஞ்சியை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இயங்கியது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே தங்கிப் பள்ளிக் கல்வியும் கூத்தும் ஒருங்கே பயின்றனர். கூத்துக்காகப் பள்ளியை இழந்த ஒருவர், கூத்தையும் பள்ளியையும் ஒருசேரத் தர முனைந்தது எளிய செய்தியன்று. பெண் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். ஆண்களே பெண் வேடம் கட்டிய கூத்தில், பெண்கள் கட்டை வேடம் தரித்து ஆடினர். இதனை அழகியற் புரட்சி என்று எழுதியோர் உண்டு. நிர்வாகக் கண்கொண்டு நோக்குவோமானால் அதனினும் கூர்மையான மாற்றம் ஒன்று தெரியும். இரவு முழுதும் வெளியூரில் தங்கும் தொழிலில் பெண் இறங்கினால் உறைவிடம், போக்குவரத்து, திருமணத்துக்குப் பின் மேடை ஆகிய அனைத்தும் ஒப்பந்தத்துக்குள் வந்தாக வேண்டும். தாம்பூலம் வாங்கும் இடத்தில் அமர்ந்து ஊர்த் தலைவர்களோடு இவற்றைப் பேசத் துணிந்த பெண்ணே ஜமாவின் தலைமைக்கு வர இயலும். ஆடக் கற்பிப்பது பாதிதான். பேசக் கற்பிப்பது மறுபாதி. அம்மறுபாதிக்கு எந்த நல்கை விண்ணப்பத்திலும் கட்டம் இருப்பதில்லை.

குருகுலம் 2020-இல் தன் பணியை முடித்துக்கொண்டது. பதினெட்டு ஆண்டுகள், பாரதப் போரின் நாட்களைப் போல. நல்கைகளாலும் தனியார் கொடைகளாலும் ஓர் உறைவிடப் பள்ளியைப் பதினெட்டு ஆண்டுகள் நடத்துவது எத்தகைய உழைப்பு என்பதை, ஒரு மாதக் கூட்டத்துக்கு மண்டப வாடகை திரட்டியவரும் ஊகிக்க இயலும். மூன்றாண்டுக்கொருமுறை முடியும் நல்கையைக் கொண்டு, பத்தாண்டு பயில வேண்டிய பிள்ளையை வளர்க்க வேண்டும் என்பதே அதன் உள்முரண். காணிக்கும் நல்கைக்கும் உள்ள வேற்றுமை அதுவே. காணி தலைமுறையைக் கணக்கிட்டது. நல்கை நிதியாண்டைக் கணக்கிடுகிறது.

அதே 2020-இல், அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. அத்தகைய நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு 50 விழுக்காடு வரை இருந்த வரம்பு 20 ஆகக் குறைந்தது. ஒரு நிறுவனம் பெற்றதை மற்றொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிப்பதும் தடைப்பட்டது. பெரிய நிறுவனம் ஒன்றின் வழியாகச் சிறு குழுக்கள் உதவி பெறும் வழி அடைபட்டதே இதன் விளைவு. முறைகேடுகளைத் தடுக்கும் நோக்கம் குறைகூறற்குரியதன்று. ஆனால் நிர்வாகம் என்றாலே வீண்செலவு என்னும் எண்ணம் சட்டத்திலும் கொடையாளர் மனத்திலும் ஒருங்கே வேரூன்றியிருப்பது எண்ணத்தக்கது. ஆட்டக்காரனுக்குக் கொடுத்தால் கலைக்கொடை. அவனுக்கு ஆட்டம் பிடித்துத் தருபவருக்குக் கொடுத்தால் அலுவலகச் செலவு. 2014 முதல் நடைமுறைக்கு வந்த நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவில் மரபுக்கலை வளர்ச்சிக்கும் இடமுண்டு. அதனை நாடிச் செல்வதற்கே திட்டம் எழுதத் தெரிந்த ஒருவர் ஜமாவுக்கு வேண்டும். பயிற்சி பெற்றவர்க்கே பயிற்சிக்கான பணம் கிட்டும் என்பது வேடிக்கையான வட்டம்.

இவ்வட்டத்தை உடைக்க இந்திய அளவில் நிகழ்ந்த முயற்சி ஒன்று உண்டு. பெங்களூரில் 1993-இல் தோன்றிய இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை, இந்திய அரங்க மன்றம், மும்பையின் ஜுனூன் ஆகிய மூன்றும் இணைந்து 2015-இல் ‘ஸ்மார்ட்’ என்னும் திட்டத்தைத் தொடங்கின. நாடகக் குழுக்களை நடத்துவோர்க்கே உரிய நிர்வாகப் பயிற்சி அது. குழுவின் நோக்கம், திட்டமிடல், நிதி, பார்வையாளர் உறவு என்பன அதன் பாடங்கள். நடிகர்க்கு அன்றி நடத்துவோர்க்கென ஒரு பாடத்திட்டம் இந்நாட்டில் வகுக்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. எனினும் அதன் சொற்களும் வடிவமும் நகர அரங்கிலிருந்து பிறந்தவை. சீட்டு விற்கும் அரங்கத்துக்குப் பார்வையாளர் உறவு ஒரு பாடம். ஊரே கூடி வரி போட்டு அழைக்கும் கூத்துக்கு அப்பாடம் வேறு. அங்கே பார்வையாளர் சீட்டு வாங்கி வருவோர் அல்லர், வேண்டுதல் உடையோர். படுகளத்தில் பிழை நேர்ந்தால் தொகையைத் திருப்பிக் கேட்பதில்லை. ஊருக்குத் தீங்கு வரும் என்று அஞ்சுகின்றனர். இவ்வச்சத்தையும் பற்றையும் கையாளும் திறன் வாத்தியாருக்கு உண்டு. அதைப் பாடமாக எழுதுவோர் தமிழறிந்த, கூத்தறிந்த ஒருவராக இருத்தல் வேண்டும்.

காஞ்சியிலேயே ஒரு முன்மாதிரி கண்ணெதிரே இருக்கிறது. பட்டுநெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தம் நிகர இலாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் விதிக்கிறது. சங்கத்தை நடத்துவோர் கல்விக்குச் சங்கத்தின் உழைப்பிலிருந்தே ஒரு நூல் பிரித்து வைக்கப்படுகிறது. அச்சங்கங்களின் குறைகளைப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் யாரைக் கேட்டாலும் சொல்வர். ஆயினும் மேலாளர் கற்க வேண்டியவர் என்பதும், அதற்குச் செலவுண்டு என்பதும் அங்கே சட்டத்தின் எழுத்து. ஒரே தெருவில் தறியடிப்போனும் கூத்தாடுவோனும் வாழும் ஊர்களில், முன்னவனுக்குள்ள இந்த ஏற்பாடு பின்னவனுக்கு எட்டவில்லை. ஜமாக்கள் பல பதிவு பெறாதவை. இலாபம் என்று எழுதிக் காட்டக் கணக்கேடு இல்லாதவை. ஆட்டத்துக்கு இவ்வளவு எனப் பிரித்து ஒரு பொதுநிதி சேர்க்க வாத்தியார்கள் உடன்பட்டாலும், அதனை வைத்திருப்பவர் யார் என்னும் வினாவில் பேச்சு நின்றுவிடும். உத்திரமேரூர்ச் சபையார் கவலைப்பட்டதும் அதே வினாவுக்குத்தான்.

நடைமுறையில் இன்றும் பயிற்சியின் செலவை ஏற்பவர் வாத்தியாரே. தம் ஜமாவில் கூர்மையுள்ள ஓர் இளைஞனைக் கண்டால் தாம்பூலம் வாங்கப் போகும்போது அவனையும் உடன் அழைத்துச் செல்வார். முதல் இரண்டு ஆண்டுகள் அவன் வாய் திறப்பதில்லை. மூன்றாம் ஆண்டு ஊரார் தொகையைக் குறைக்கப் பேசும்போது, வாத்தியார் வெற்றிலை மடிப்பதில் கருத்தாக இருப்பார். பேச வேண்டியவன் அவன். அவன் ஐந்நூறு ரூபாய் குறைத்து ஒப்புக்கொண்டுவிட்டால், அந்த ஐந்நூறும் வாத்தியாரின் பங்கிலிருந்தே கழியும்.